கிணற்றுக்குள் ஹீரோ, மேட்டில் மணியம்மாள்

சினிமாக்காரன் பேச்சைக் கேட்டுக் கிணற்றில் இறங்கியவன் நான். அதற்காக யாராவது என்னை முட்டாள் என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். வேறு எதற்குச் சொன்னாலும் வருவேன்.

என் பெயர் தேசப்பன். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். வலை கடலடியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் முங்கிப் போய் எடுத்துவிடுவது என் வேலை. மூச்சடக்குவதில் எங்கள் குப்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் சித்திரை மாசத்தில், சட்டைப் பையில் நான்கு பேனா குத்திக்கொண்டு ஆசீர்வாதம் என்ற புரொடக்‌ஷன் மேனேஜர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கடலுக்கடியில குகைக்குள்ள மாட்டிக்கிட்ட முக்குளிப்புக்காரங்க கதை. வெளிய வர்றாங்களா, சாகறாங்களான்னு ஜனங்க சீட்டு நுனியில உக்காந்து பாக்கணும். தண்ணில ஹீரோவுக்குப் பதிலா நீ முங்கணும்," என்றார்.

"எந்தக் கடல்லங்க?"

"கடம்பத்தூர்ல."

கடம்பத்தூரில் கடல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்டேஷன் இருக்கிறது, அதைத் தாண்டினால் நெல் வயல் இருக்கிறது. போய்ப் பார்த்தால், வயலுக்கு நடுவில் ஒரு பெரிய பாசனக் கிணறு. நாற்பதடி ஆழம், அடிவரைக்கும் படி. அடியில் ஒரு பக்கச் சுவரில், ஊற்றுத் தேடி எந்தக் காலத்திலோ குடைந்த குகை. வாயில் தாழ்ந்து, உள்ளே போகப் போக மேலே ஏறும். ஆள் தவழ்ந்து போய் உள்ளே எழுந்து நிற்கலாம். அதுதான் கடலடிக் குகை. டைரக்டர் அதைப் பார்த்துக் கைகூப்பினாராம்.

எனக்கும் ஹீரோவுக்கும் ஒரே மாதிரி டிரெஸ். லாரி ட்யூபை வெட்டித் தைத்த கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. முதுகில் ஆளுக்கு இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர். அதாவது மண்ணெண்ணெய் டின்னை ஒட்டவைத்து மஞ்சள் பெயிண்ட் அடித்தது. கண்ணாடியைப் போட்டால் எதிரில் இருப்பது எருமையா டைரக்டரா என்று தெரியாது. இந்தக் கோலத்தில் நான் வரப்பில் நடந்துபோனபோது களை பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கிணறு முனுசாமி என்பவருக்கும் அவருடைய செத்துப்போன அண்ணன் பெண்டாட்டி மணியம்மாளுக்கும் பொது. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, முறை மட்டும் ஆளுக்கு ஒருநாள். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முறைத் தகராறு ஆறு வருஷமாகத் திருவள்ளூர் கோர்ட்டில் நடக்கிறது. ஆசீர்வாதம் கேட்டதற்கு முனுசாமி, "இன்னைக்கு என் முறைதான், தாராளமா எடுங்க," என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஊரில் முறை என்பது உச்சிக்கு உச்சி. அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கினால் முறை கைமாறிவிடும். அந்த ஊரில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது என்பதால் நாங்களும் கேட்கவில்லை.

விடியற்காலையிலிருந்து மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். பதினோரு மணிக்குக் குகையின் வாய் தெரிந்தது. கேமராமேன் அடிப்படியில் பலகை போட்டு உட்கார்ந்தார். உச்சிவெயில் நேராகக் கிணற்றுக்குள் விழும்போது, குகையிலிருந்து ஹீரோ மூச்சுத் திணறிக்கொண்டு தவழ்ந்து வர வேண்டும். அதுதான் ஷாட். ஹீரோவுக்குப் பயமாக இருந்ததால் துணைக்கு என்னையும் உள்ளே அனுப்பினார்கள்.

போஸ்டரில் ஹீரோவுக்கு ஒரு பெயர் இருந்தது. அது எதற்கு இப்போது. குகைக்குள் போனதும் அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, "பிரதர், நான் ஃபீலிங்குக்குப் போறேன். ஆக்‌ஷன்னு குரல் வர்ற வரைக்கும் நகரக் கூடாது, பேசக் கூடாது," என்றார்.

"சரிங்க."

"பேசாதீங்கன்னேன்."

வாயை மூடிக்கொண்டு இருட்டில் நின்றேன். வெளியே மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. நான் நினைத்தேன், சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று நிறுத்திவிட்டார்கள் போல. வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களென்றால், அப்பாடா, எவனோ நல்லவன் நிறுத்தினான் என்று. நிறுத்தியது மணியம்மாள். வரப்பில் வந்து நின்று, குனிந்து தன் நிழலைப் பார்த்து, மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பித்தானை அழுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்துகொண்டாளாம். அவள் முறையில் அவள் நிறுத்துகிறாள். உள்ளே ஆள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அதே நேரம் பார்த்துக் கேமராவில் ஏதோ சிக்கிக்கொண்டது. நான்கு பேர் அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்று ஊற்று லேசுப்பட்டதல்ல. கோடையிலும் நிற்காதது.

என் கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. ஹீரோ ஃபீலிங்கிலிருந்து கண்ணைத் திறந்து, "பார்த்தீங்களா, டைரக்டர் எஃபெக்ட் கொடுக்கிறார்," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இது எபெக்ட் இல்லைங்க. தண்ணி ஏறிகினு வருது."

"ஆக்‌ஷன் சொல்லலையே."

டார்ச்சைப் பிடுங்கி அடித்துப் பார்த்தேன். நாங்கள் தவழ்ந்து வந்த வாய் முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. தலைக்கு மேலே பாறை வெடிப்பில் காற்று புஸ்ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது. அதாவது காற்று போகப் போகத் தண்ணீர் ஏறும். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரம், மிஞ்சினால்.

எனக்கு ஒன்றுமில்லை. முங்கினால் எட்டடி, பத்தடி, வெளியே போய்விடுவேன். "வாங்க, மூச்சை இழுத்துப் புடிச்சிக்குங்க, நான் இட்டுகினு போறேன்," என்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் ஹீரோ.

ஊரெல்லாம் போஸ்டரில் சுறாமீனோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். சரி, பேச நேரமில்லையென்று அவரைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். தண்ணீருக்குள் போனதும் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார், காலால் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டார். நான் தாலி கட்டியவள்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. இரண்டு பேரும் செத்தோம் என்றுதான் நினைத்தேன். எப்படியோ உதறிக்கொண்டு மறுபடி உள்ளேயே வந்தோம். முழுகுகிறவனை முன்பக்கம் விடாதே, பின்னாலிருந்து மயிரைப் பிடித்து இழு என்பது எங்கள் பக்கத்துப் பாடம். இரண்டாம் தடவை அப்படியே செய்தேன். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழு. சுலபமாக வந்தது. வெளியே வந்து பார்த்தால் என் கையில் முடி மட்டும் இருக்கிறது, ஹீரோ இல்லை.

படியில் நின்றிருந்த டைரக்டர் என்னைப் பார்த்துக் கோபப்பட்டார். "யாருய்யா உன்னை வரச் சொன்னது? கேமரா ரெடி இல்ல. உள்ள போ."

"யோவ், குகை மூடிக்கிச்சு. அந்த ஆளு உள்ள மாட்டிக்கினாரு. இன்னா பாத்துகினு இருந்தீங்க எல்லாரும்?"

என் கையிலிருந்த விக்கைப் பார்த்ததும்தான் அவருக்கு முகம் செத்தது. எல்லோரும் படியேறி ஓடினோம். ஆசீர்வாதம் ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஆளை விரட்டினார். திருவள்ளூரிலிருந்து வண்டி வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மோட்டாரைப் போட்டால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் கொட்டகை வாசலில், மடியில் கதிர் அரிவாளை வைத்துக்கொண்டு மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசிருக்கும். ஒல்லி உடம்பு. கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நகராது என்று.

"அம்மா, உயிர் போற காரியம், மோட்டாரைப் போடணும்," என்றார் ஆசீர்வாதம்.

"என் மொறை இது. என் மொறையில எவன் எறைப்பான்?"

"உள்ளே ஆள் மாட்டிக்கிட்டார்மா."

"அதான் காத்தாலேந்து பாக்குறேனே. மாட்டிக்கிற மாதிரிதானே நடிச்சிகினு இருக்கீங்க."

நான் விக்கை நீட்டினேன். "தே பாரும்மா. அந்த ஆளு தலையிலேந்து வந்தது."

"இந்த மாதிரி நாலு மயிரு அந்தப் பொட்டில கெடக்கு. நான் பாத்தேன்."

முனுசாமி தூரத்தில் நின்று, யாரையும் பார்க்காமல், "அண்ணிகிட்ட சொல்லுங்க, ரெண்டு மணி நேரம்தான், வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டுட்டா அவங்க நெல்லுக்கும் சேதாரம் இல்ல," என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அது எண்ணெய் ஊற்றின கதையாகிவிட்டது.

"கேட்டுக்குங்க, வாயில வந்துடுச்சி," என்று மணியம்மாள் எழுந்தாள். "இதுக்குத்தான்டா சினிமாக்காரனைக் கூட்டியாந்த. என் மொறையில உன் வயலுக்குத் தண்ணி பாயும். அம்பது பேரு சாட்சி. அந்தக் கண்ணாடிப் பொட்டி வேற எல்லாத்தையும் புடிக்குதாம். நாளைக்குக் கோர்ட்ல தெரை கட்டி ஓட்டிக் காட்டுவ, உச்சிக்கப்பறம் நான்தான் எறைச்சிகினு இருந்தேன்னு. பொறவு எனக்கு மொறை ஏது?"

ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். அவளைத் தள்ளிவிட்டுப் பித்தானை அழுத்த எத்தனை நேரம் ஆகும்? லைட்பாய்களில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதில் முனுசாமியும் ஒருவர். "அவங்க மொறையில நீங்க யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது," என்றார். கேஸ் போட்டவரே சொல்கிறார்.

எனக்குத் தலை வெடித்தது. ஆனால் புரிந்தது. அங்கே இருந்த சினிமாக்காரர்களில் யாருக்கும் புரியாதது எனக்கு மட்டும் புரிந்தது. எங்கள் ஏரியிலும் இதுதான். நல்ல மீன் ஓடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்னார் பாடு என்று வகுத்திருப்போம். என் பாட்டில் என் சொந்த மச்சான் வலை போட்டாலும் அறுத்துவிடுவேன். ஒருதடவை அறுத்தும் இருக்கிறேன்.

"யம்மா," என்றேன். "நான் பழவேற்காட்டான். எங்களுக்கும் மொறை உண்டு, எங்க ஊர்ல பாடுன்னு சொல்வோம். உன் மொறையை விட்டுக் குடுன்னு நான் கேக்கல. கேட்டா என்னைச் செருப்பால அடி. உன் மொறையில நீயே எறை. உன் வயலுக்கே எறை."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் வயல். முற்றி மஞ்சளாகித் தலை தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை வடித்து, தரை காய்ந்து, அறுவடைக்குத் தயாராக இருந்தது.

"நாளைக்கு அறுப்பு. இருவது பொம்பளைங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இப்பத் தண்ணி பாஞ்சா நெல்லு சாஞ்சி, ஊறி, கதிர்லயே மொளைச்சிக்கும். இந்த வருசத்துக்கு எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். உங்க கூத்துக்கு நான் இத்தக் குடுக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு விக்கை அவள் காலடியில் போட்டேன். "அங்க ஒருத்தன் இருட்டுல தனியா நின்னுகினு இருக்கான். நான்தான் அவனை விட்டுட்டு வந்தேன். நான் போறேன்."

படியிறங்கும்போது ஆசீர்வாதம் பின்னாலேயே ஓடிவந்து என் கையில் ஒரு மொந்தன்பழத்தைத் திணித்தார். "சாருக்குப் பசி தாங்காது," என்றார். அவருக்குக் கண்ணில் தண்ணீர். நான் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு முங்கினேன்.

உள்ளே தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது. ஹீரோ டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வழுக்கைத் தலையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ஃபீலிங் இல்லை, நிஜ அழுகை. அந்த நிமிஷத்திலிருந்து நாசூக்குத் தமிழும் போய்விட்டது.

"வந்துட்டியா நைனா? நீ ஓடிட்டன்னு நெனச்சிகினேன்."

"பழம் குடுத்து அனுப்பினாங்க. துன்னு."

கழுத்தளவு தண்ணீரில் நின்று பழத்தை உரித்துத் தின்றார். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சொந்த ஊர் கும்மிடிப்பூண்டியாம், நிஜப் பெயர் பூவராகவனாம். ஊரில் குளத்தில்கூடக் கால் வைத்ததில்லையாம். கம்பெனிக்காரன் நீச்சல் தெரியுமா என்று கேட்டானாம். தெரியாது என்றால் படம் போய்விடும் என்று, மீனே எங்கிட்ட கத்துக்கினு போவும் என்று சொன்னாராம். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். சிரித்த வாயில் தண்ணீர் போய் இரும ஆரம்பித்துவிட்டார்.

தாடைக்கு வந்தது. குட்டையான மனுஷன். பின்னாலிருந்து அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். வெடிப்பில் காற்று புஸ் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. டார்ச் அணைந்துவிட்டது.

"மேல மோட்டார் போடுவாங்களா?" என்றார்.

"போடுவாங்க."

"யாரு?"

"ஒரு பொம்பளை."

"நல்லவங்களா?"

"தெரியாது."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரே முங்கில் வெளியே போய்விடுவேன், எனக்காகப் பயமில்லை. போகும்போது இவன் கையை என் கழுத்திலிருந்து நான்தான் பிரித்து எடுக்க வேண்டும். அதை நினைத்துத்தான் பயந்தேன். பாறைக் கூரை என் உச்சந்தலையில் இடித்தது. அவர் முகத்தை மேலே திருப்பி, மூக்கு மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாறைக்குள் ஒரு உறுமல் கேட்டது. முதலில் என் காதுதான் இரைகிறது என்று நினைத்தேன். பிறகு முதுகில் அதிர்வு தெரிந்தது. மோட்டார் தண்ணீர் இழுக்கிற சத்தம். பூவராகவன் பேச வாயைத் திறந்தார், நான் பொத்திவிட்டேன். மூக்கடியில் நின்ற தண்ணீர் அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, பிறகு உதடு தெரிந்தது, தாடை தெரிந்தது. கழுத்துக்கு இறங்கியபோது அந்த மனுஷன் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பழ வாசனை அடித்தது. எனக்கென்ன, நானும் ஒன்று கொடுத்தேன்.

குகையின் வாயில் வெளிச்சம் தெரிய இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தவழ்ந்து வெளியே வந்தோம். கிணற்றடியில் ஒருத்தரும் இல்லை. கேமரா மட்டும், தண்ணீருக்குப் பயந்து ஏற்றிவைத்த மேல்படியில், வயிறு திறந்தபடி தனியாக நின்றது. கைதட்டலை எதிர்பார்த்தாரோ என்னவோ, பூவராகவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாற்பதடியும் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

மேலே வந்து பார்த்தால் மொத்த சினிமா கம்பெனியும் மணியம்மாள் வயலில் குனிந்து நிற்கிறது. கேமராமேன் அறுக்கிறார். வில்லன் அறுக்கிறார். முக்குளிப்புக்காரர்களாக நடிக்க வந்த மூன்று பேர் ட்யூப் சட்டையோடு, மஞ்சள் டின் முதுகில் கடகடக்க, வரிசையாக அறுக்கிறார்கள். மேக்கப்மேன் கத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறார். ஊரில் இருந்த அரிவாள் எல்லாம் அங்கேதான் இருந்தது. ஃபயர் சர்வீஸ் வண்டியை மட்டும் இன்னும் காணோம். அவர்களுக்குப் பின்னால் நான்கு பாத்தி தள்ளித் தண்ணீர் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர் முந்துகிறதா இவர்கள் முந்துகிறார்களா என்பதுதான் பந்தயம். பாதி வயலுக்கு மேல் ஏற்கெனவே தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. முனுசாமி எல்லோருக்கும் முன்னால் நின்று, தலை நிமிராமல் அறுத்துக்கொண்டிருந்தார்.

மணியம்மாள் வரப்பில் நின்று டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அடியில அறுய்யா. வைக்கோலுக்கு இன்னா பண்ணுவேன், உன் தலையை ஒட்டவெட்டிப் போடவா?" டைரக்டர் சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார்.

திரும்பியவள் எங்களைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டு நின்ற பூவராகவனை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வழுக்கைத் தலையில் பார்வை நின்றது. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ உள்ள நெசமாலுமே ஆள் இருந்துச்சா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்பாமயா மோட்டாரைப் போட்ட?"

"எங்க நம்புனேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை நம்பல. கொழுந்தன் ஏற்பாடுன்னுதான் இப்ப வரைக்கும் நெனச்சிகினு இருந்தேன்."

"அப்பறம் ஏம்மா நெல்லை இப்படி விட்ட?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துட்டா?" என்றாள். "ஒருவேளை இருந்து, செத்துட்டான்னா? அது என் மொறைப்பா."